மூன்றாம் தட்டும் வதனியின் மரங்களும்

வதனி மரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேள்விப்பட்டதும் பனிச்சங்கேணிச் சனங்கள் அவளிடம் முதலில் கேட்டது, தென்னங்குருத்தை வண்டு அரித்தால் என்ன மருந்து அடிப்பது என்பதைத்தான். அவள் சிரித்து மழுப்பினாள். அடுத்த தடவை கேட்டபோது சிரிப்பு வரவில்லை. அதற்கும் அடுத்த தடவை, கேட்டவர் சொந்தத் தாய்மாமன் பத்தக்குட்டி என்றும் பாராமல், "மாமா, எண்ட மரத்துக்கு வேர் மேல, இலை கீழ. அதில வண்டும் விழாது, தேங்காயும் விழாது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

"வேர் மேலயா? அப்ப அது மரமில்ல புள்ள. ஆரோ பிடுங்கிப் போட்டது" என்றார் மாமா.

எல்லாரும் சிரித்தார்கள். வதனிக்கு மட்டும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் வயதுப் பெண்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும் வயதில், அவள் தாளில் மரம் கீறிக் கீறி அடித்துக்கொண்டிருந்தாள். அந்தத் துயரத்தை யாரிடம் சொல்வது? சொன்னால்தான் யாருக்கு விளங்கும்?

அவளுடைய மரங்கள் தாளில் மட்டும் வளர்பவை. உச்சியில் ஓர் எழுத்து. அதிலிருந்து கீழ்நோக்கிக் கிளைகள். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஓர் எழுத்து. நுனியில் நிற்கும் எழுத்து பெரிய எழுத்தாக இருந்தால் அது இன்னும் வளர வேண்டியது என்று அர்த்தம். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்ன சிறு கிளையை ஒட்டு என்று சொல்வது ஒரு விதி. பெரிய எழுத்து ஒன்றுகூட மிஞ்சாதபோது மரம் முழுமையாகிவிடும். இப்படி மரம் வளர்க்கும் விதிகளின் கூட்டத்துக்கு மர இலக்கணம் என்று பெயர்.

விரும்பிய விதியை விரும்பியபடி பயன்படுத்தலாம் என்றால் பெரிய சிக்கல் இல்லை. வதனி எடுத்துக்கொண்டதோ கட்டுப்பாடு போட்ட இலக்கணம். அதில் விதிகளைக் கோவை கோவையாகக் கட்டி வைத்திருக்கும். ஒரு கோவையைத் தொட்டுவிட்டால் முதல் விதி, பிறகு இரண்டாம் விதி, பிறகு மூன்றாம் விதி என்று அதே ஒழுங்கில் கடைசிவரை போயாக வேண்டும். அப்படிக் கட்டிப்போட்ட ஓர் இலக்கணத்தைக் கையில் கொடுத்தால், அதிலிருந்து ஒரு மரமாவது முழுமையாக வளருமா, ஒன்றுமே வளராதா என்று விரைவாகச் சொல்லிவிட முடியுமா? இதுதான் அவள் கேள்வி. முடியும் என்று அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அந்த வழி சரி என்று நிறுவிவிட்டால் முதுதத்துவமாணிப் பட்டம். பட்டம் கிடைத்தால்தான் பல்கலைக்கழகத்தில் அவளுடைய விரிவுரையாளர் பதவி உறுதியாகும். குறித்த காலத்துக்குள் கிடைக்காவிட்டால் பதவி போய்விடும். விதி அப்படி. அந்தப் பதவிச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

முதன்முதலாக அந்த நிறுவலை அவள் எழுதி முடித்தது இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு மார்கழி நத்தார்ப் பண்டிகை விடுமுறையில், பனிச்சங்கேணி வீட்டு முற்றத்தில்.

அப்பா நல்லரத்தினம் வேலியில் வலையைக் கட்டிக் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தார். பெரிய மனிதர், பெரிய குரல், ஊசியைப் பிடித்தால் மட்டும் விரல்கள் பூவைப்போல அசையும். மகள் எழுதுவதையும் அடிப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தவர், வாய்விட்டுக் கேட்டார்.

"அதென்ன மகள், எழுதி எழுதி வெட்டுறாய்? கோழி கிண்டினாப்போல கிடக்கு."

நிறுவல் முடிந்த சந்தோஷத்தில் இருந்தாள் வதனி. அப்பாவுக்கு எப்படியாவது விளங்க வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

"நம்மட அம்மன்ட சடங்கில குடி கூப்பிடுறாப்போலதான் அப்பா. ஒண்டுக்குப் பிறகுதான் மற்றது. ஒழுங்கு மாறக் கூடாது."

அது அப்பாவுக்கு விளங்கக்கூடிய இடம். வைகாசிச் சடங்கின் கடைசி நாள் அம்மன் கோயில் முன்றலில் வெள்ளைச் சீலை விரித்து, குடிகளை வரிசையாகக் கூப்பிட்டு வெற்றிலைத் தட்டுக் கொடுப்பார்கள். அந்தப் பக்கத்தில் குடி என்பது தாய்வழி. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி; அப்பன் வேறு குடி. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கரான பத்தக்குட்டி மாமா நடுவில் நின்று குடியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்தக் குடிக்காரர் ஒருவர் முன்னே வந்து தட்டை வாங்கிய பிறகுதான் அடுத்த குடியின் பெயர் வாயில் வரும். மூன்றாவதாகக் கூப்பிடப்படுவது வேலம்மை குடி. அப்பாவின் குடி அது. வதனிக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அந்தத் தட்டை வாங்கியவர் அப்பாதான்.

"ஆள் வராட்டி?" என்று கேட்டார் அப்பா.

"வராட்டி என்ன? தட்டை வெள்ளையில வெச்சிட்டு அடுத்த ஆளக் கூப்பிடுறதானே."

"அப்ப நான் பிந்திப் போனா எண்ட தட்டு நிலத்திலயா?"

"நிலத்திலதான். மூணு தரம் கூப்பிட்டும் வராத ஆளுக்கு மறுகா என்ன மரியாதை?"

அப்பா வலையை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "சின்னத்தங்கம், கேட்டியா? உண்ட மகள் சொல்றா, எனக்கு மரியாதை இல்லையாம்!" என்று குசினிப் பக்கம் பார்த்துக் கத்தினார். அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்து, "இப்பதானா தெரியும்?" என்றாள்.

அடுத்த நாள் காலை அப்பா கடற்கரையில் குடியிருந்த தன் அக்கா தங்கைமாரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். வதனியும் அம்மாவும் வாவிப் பக்கம் மாமாவின் வயல் வட்டையில் புல்லுப் பிடுங்கப் போயிருந்தார்கள். கடல் பொங்கி வந்தபோது அதனால் உயிர் தப்பினார்கள்.

வேலம்மை குடிச் சனம் முழுவதும் அந்தக் கடற்கரை மணலில்தான் வீடு கட்டியிருந்தது. அத்தைமார், அவர்களுடைய பெண்மக்கள், பேத்திகள், தட்டு வாங்கிய அப்பா. கடல் ஒருவரையும் மிச்சம் விடவில்லை. அப்பாவின் உடலும் கிடைக்கவில்லை. அம்மா அவர் உடுத்தும் சாரன் ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி எத்தனையோ நாள் வாசலில் கிடந்தாள். வீட்டுக்குள்ளே மார்பளவு தண்ணீர் வந்து போயிருந்தது. அலுமாரியைத் திறந்தபோது வதனியின் கோப்பு இருந்த இடத்தில் கருஞ்சேறு மட்டும் இருந்தது.

அப்பாவுக்காக அழுதாள். அழுகை ஓய்ந்த ஒரு பொழுதில் நிறுவலுக்காகவும் அழுதாள். அப்பாவைப் பறிகொடுத்த வீட்டில் தாளுக்காக அழுவது பாவம் என்று தெரிந்தும் அழுதாள்.

பிறகு தொடங்கியது அந்த வருடங்களின் கொடுமை.

நாவற்குடாவில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நிறுவலைத் திரும்ப எழுதினாள். நினைவிலிருந்து எழுதினாள். எழுதியதைக் கணினியில் தட்டி, மரங்களைப் படமாகக் கீறிக் கொடுத்தவள் ஓட்டமாவடி றஸீனா. கணினிக்கூடத்தில் வேலை செய்தவள். வாய் ஓயாதவள்.

"அல்லாஹ்வே, இந்த மரத்துக்குக் கிளை கீறிக் கீறி எண்ட கை விறைச்சுப் போச்சு கா. இத்தன மரம் நட்டிருந்தா ஓட்டமாவடியே நிழலா இருந்திருக்கும்" என்பாள்.

"நிழல் வேணாம் றஸீனா. பட்டம் வந்தாப் போதும்."

பட்டம் வரவில்லை. மலைநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்த மேற்பார்வையாளர் பேராசிரியர் பதியுதீனிடமிருந்து தொலைபேசி வந்தது. காத்தான்குடியில் பிறந்தவர். நிதானமானவர், ஒரு சொல்லைக்கூட அதிகமாகப் பேசாதவர்.

"வதனி, உங்கட வழி எங்கயோ ஒரு மரத்தக் கூடுதலாக் கொண்டு வருது. ஒரு பெரிய இலக்கணத்தில சோதிச்சுப் பார்த்தன். மரம் வளரும் எண்டு உங்கட வழி சொல்லுது. கையால வளர்த்துப் பார்த்தா எனக்கு வளருதில்ல."

வதனி அதே இலக்கணத்தை எடுத்துக் கையால் வளர்த்துப் பார்த்தாள். தாள் தாளாக ஒட்டி, தரையில் விரித்து, முழங்காலில் இருந்து கீறினாள். கடைசி நுனிவரை மரம் வளர்ந்தது.

"எனக்கு வளருது சேர்."

"அப்ப ஒவ்வொரு படியாக் கீறி அனுப்புங்க."

அனுப்பினாள். ஆனால் அதற்குள் அவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விடுமுறையில் போய்விட்டார். அங்கிருந்து எப்போதாவது மின்னஞ்சல் வரும். எல்லாவற்றிலும் சாரம் ஒன்றுதான்: படங்களைப் பார்த்தேன், ஓரிரு இடங்களில் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு எப்படி வந்தாய் என்று பிடிபடவில்லை, இன்னும் தெளிவாக எழுது. அவள் இன்னும் தெளிவாக எழுதினாள். எது நடந்ததோ அதையெல்லாம் எழுதினாள். திரும்பவும் அதே பதில்.

ஓட்டை எங்கே? தேடினாள், தேடினாள், கண் மங்கத் தேடினாள். ஒவ்வொரு வரியும் அவளுக்குச் சரியாகவே பட்டது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். கடல் கொண்டுபோன அந்த முதல் நிறுவலில் ஏதோ ஒரு வரி இருந்திருக்கிறது. அப்பா பக்கத்தில் இருக்க, முற்றத்தில் எழுதிய வரி. அது நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. அதுதான் இந்தக் கூடுதல் மரத்தைத் தடுத்திருக்கும். கடல் அப்பாவை மட்டுமா கொண்டுபோனது? அந்த வரியையும் அல்லவா கொண்டுபோய்விட்டது!

இந்த எண்ணம் வந்த பிறகு கடலைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். கல்லடிப் பாலத்தால் பஸ் போகும்போது மறுபக்க யன்னலுக்குத் திரும்பிக்கொள்வாள்.

போர் திரும்பவும் மூண்டது. வாகரைப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியதும் பனிச்சங்கேணிச் சனம் காடும் சேறுமாய் நடந்து வந்தது. அம்மாவும் மாமாவும் நாவற்குடா அறைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரே அறை. ஒரு மூலையில் அம்மாவின் இருமல், இன்னொரு மூலையில் மாமாவின் சுருட்டுப் புகை, நடுவில் வதனியின் மரங்கள்.

"மிதிச்சிராதீங்க மாமா, அது காயட்டும்" என்பாள் பசை போட்ட தாள்களைக் காட்டி.

"நான் எங்க புள்ள காலை வைக்க? வீடு முழுக்க உண்ட காடு" என்பார் மாமா. சுருட்டைத் தட்டிவிட்டு, "இதுகளப் பாத்துக் கீறுற வயசா இது? முதலைக்குடாவில ஒரு பொடியன் இரிக்கான்..." என்று தொடங்குவார்.

"அவனுக்கு மரம் வளர்க்கத் தெரியுமா?"

"தென்னை வெச்சிரிக்கான்."

"அப்ப வண்டுக்கு மருந்து அவனிட்டயே கேளுங்க."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொள்வாள். அது சிரிப்பா அழுகையா என்று வதனிக்குத் தெரியாது.

வேலை கொடுத்த பல்கலைக்கழகம் இரக்கம் காட்டாமல் இல்லை. சுனாமிக்காக ஒரு தடவை காலம் நீடித்தது. இடப்பெயர்வுக்காக ஒரு தடவை நீடித்தது. மேற்பார்வையாளர் வெளிநாட்டில் இருந்ததற்காக இன்னொரு தடவை. இதுதான் கடைசி என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இரண்டாயிரத்து ஒன்பது ஆனி முடிவதற்குள் ஆய்வேடு கையில் வந்தாக வேண்டும்.

பேராசிரியர் நாடு திரும்பியிருந்தார். வதனி ஆய்வேட்டைப் புத்தகமாகக் கட்டக் கொடுப்பதற்கு முன் அவரை அழைத்தாள்.

"எனக்கு இன்னும் மனம் ஒப்புதில்ல வதனி" என்றார். "ஆனா எங்க பிழை எண்டு என்னாலயும் விரல் வைச்சுக் காட்ட ஏலாம இருக்கு. காலமும் இல்ல. அனுப்புங்க. பரிசோதகர் கண்டுபிடிச்சாலும் பிடிக்கலாம், பிடிக்காமப் போனாலும் போகலாம். கையெழுத்து வைக்கிறன்."

அந்தக் குரலில் இருந்த களைப்பு அவளைச் சுட்டது. ஆனாலும் அனுப்பத்தான் போகிறோம் என்று முடிவுசெய்தாள். வேறு வழி? அம்மாவின் மருந்து, வாடகை, தகரம் பறந்த ஊர் வீடு, எல்லாம் அந்தப் பதவியின் கழுத்தில் தொங்கின.

வைகாசியில் போர் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். வீதியில் பட்டாசு வெடித்தது. அம்மா வானொலியை நிறுத்திவிட்டு முட்டுக்கால்களுக்கிடையில் முகத்தை வைத்துக்கொண்டாள். யார் எதற்காக அழுகிறார்கள் என்று கேட்கும் காலமாக அது இருக்கவில்லை.

அதே வைகாசியில்தான் பனிச்சங்கேணி அம்மனுக்குச் சடங்கு. சுனாமிக்குப் பிறகு முதல் சடங்கு. சனம் முந்தியே ஊர் திரும்பியிருந்தாலும் கோயிலுக்குக் கூரை போடவே இவ்வளவு காலம் எடுத்தது. ஆய்வேட்டுத் தாள்களை ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வதனியும் ஊருக்குப் போனாள். திரும்பும் வழியில் கட்டக் கொடுத்துவிடலாம் என்பது எண்ணம்.

கடைசி நாள் உச்சிப் பொழுது. வேப்பிலை வாசம். புதுத் தகரக் கூரை வெயிலில் கணகணத்தது. முன்றலில் வெள்ளை விரித்து, அதன் ஓரத்தில் வெற்றிலைத் தட்டுகளை அடுக்கியிருந்தார்கள். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு பத்தக்குட்டி மாமா நடுவில் வந்து நின்றார். முதல் குடியைக் கூப்பிட்டார். ஒருவர் வந்து வாங்கினார். இரண்டாம் குடியைக் கூப்பிட்டார். ஒரு கிழவர் தடியூன்றி வந்து வாங்கினார்.

அடுத்தது மூன்றாம் குடி, அப்பாவின் குடி. அம்மாவின் கை வதனியின் கையை இறுக்கியது.

மாமா குனிந்து ஒரு தட்டை ஓசையில்லாமல் ஒதுக்கிவிட்டு, அடுத்ததைக் கையில் எடுத்து, நான்காம் குடியின் பெயரைச் சொன்னார்.

சனம் அப்படியே நின்றது. நான்காம் குடிக்காரர் கால் எடுத்து வைத்துவிட்டார். பறை ஓயவில்லை. ஒன்றுமே நடக்காததுபோல எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

"மாமா!"

அது தன் குரல்தான் என்று வதனிக்கே தெரியவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னே போனாள். பறை நின்றது.

"மூணாம் குடிய ஏன் கூப்பிடல்ல?"

மாமாவின் முகம் சுருங்கியது. குரலைத் தாழ்த்தி, "சும்மா இரு புள்ள. ஆரு வரப் போறா? கொம்மா தாங்குவாளா? அதுதான் மெல்லமாத் தாண்டினன்" என்றார்.

"கூப்பிடாம எப்பிடித் தாண்டுவீங்க? கூப்பிட்டு, வராட்டித்தான் தட்டை வெள்ளையில வெக்கிறது. அதுதானே முறை. கூப்பிடாமலே போனா அப்பிடியொரு குடி இருந்ததெண்டே ஆருக்கும் தெரியாமப் போயிரும் மாமா! இப்ப ஆருக்காவது தெரிஞ்சுதா? பாருங்க, ஆருக்காவது தெரிஞ்சுதா?"

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. உடைந்த குரல், ஆனால் உரத்த குரல்.

"கூப்பிடு தம்பி. நான் தாங்குவன்."

மாமா சால்வையால் முகத்தைத் துடைத்தார். நிமிர்ந்து நின்று கூப்பிட்டார். "வேலம்மை குடி!"

காற்றில் தகரம் அசைந்தது. எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. இரண்டாம் தரம் கூப்பிட்டார். பெண்கள் விம்மத் தொடங்கினார்கள். மூன்றாம் தரம் அவர் கூப்பிட்டபோது குரல் பாதியில் முறிந்தது. வதனி தன்னை அறியாமல் கடற்கரைப் பாதையைத் திரும்பிப் பார்த்தாள். ஈரச் சாரனை உதறிக்கொண்டு, பிந்திவிட்டேனா மகள் என்று சிரித்தபடி ஒரு பெரிய மனிதர் ஓடிவர மாட்டாரா?

ஒருவரும் வரவில்லை. மாமா தட்டை வெள்ளையில் வைத்தார். பிறகு நான்காம் குடியைக் கூப்பிட்டார்.

அந்த இடத்தில், கண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்போதே, வதனிக்கு ஒன்று பிடிபட்டது.

இங்கே தாண்டலாம். கூப்பிட்டு, இல்லை என்று கண்டு, தட்டை வைத்துவிட்டுத் தாண்டலாம் என்று ஊரில் ஒரு முறை இருக்கிறது. அவளுடைய இலக்கணத்தில் அப்படி ஒரு முறை எங்கே இருந்தது? கோவையின் மூன்றாம் விதிக்குரிய எழுத்து மரத்தில் இல்லாவிட்டால் அந்தக் கோவை அங்கேயே நின்றுவிட வேண்டும். மரம் வளராது. முதல் அத்தியாயத்தில் அவளே எழுதிய வரைவிலக்கணம் அது. ஆனால் வழியை எழுதிய கை, மரம் வளர்த்த கை? எழுத்து இல்லாத இடத்தில் மாமாவைப் போல ஓசையில்லாமல் ஒதுக்கிவிட்டு நான்காம் விதிக்குப் போயிருக்கிறது. ஒன்றும் நடக்காத இடத்தில் கீறுவதற்கு என்ன இருக்கிறது? அதனால்தான் படங்களில் அது தெரியவில்லை. பேராசிரியருக்கும் தெரியவில்லை, இவளுக்கும் தெரியவில்லை. நிற்க வேண்டிய மரம் வளர்ந்தது. அதுதான் அந்தக் கூடுதல் மரம்.

சிறு வயது முதல் பார்த்துப் பழகிய ஒழுங்கு அவள் கைக்குள்ளே இருந்து கணக்கை எழுதியிருக்கிறது.

அதைவிடப் பெரிய அடி அடுத்த கணம் விழுந்தது. ஆள் வராட்டி என்று அப்பா கேட்டாரே! தட்டை வைத்துவிட்டு அடுத்த ஆள் என்று இவள்தானே சொன்னாள், நிறுவல் எழுதிய அதே முற்றத்தில், அதே நாளில்? அப்படியென்றால் கடல் கொண்டுபோன நிறுவலிலும் இதே பிழை இருந்திருக்கிறது. காணாமற்போன வரி என்று ஒன்று இருக்கவே இல்லை. இத்தனை வருடமும் இல்லாத ஒன்றைக் கொண்டுபோனது என்று கடலோடு கோபித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கடல் கொண்டுபோனது அப்பாவை மட்டும்தான்.

திரும்பும் வழியில் அவள் ஆய்வேட்டைக் கட்டக் கொடுக்கவில்லை. நேரே கணினிக்கூடத்துக்குப் போய் றஸீனாவின் மேசையில் பையைப் போட்டாள்.

"பிழை புள்ள. முழுக்கப் பிழை."

றஸீனா எல்லாவற்றையும் கேட்டாள். வழக்கமான பகிடி ஒன்றும் வரவில்லை. கடைசியில் மெல்லக் கேட்டாள்: "இது உனக்கும் எனக்கும் மட்டுந்தானே தெரியும்? பரிசோதகர் பிடிக்க மாட்டார் கா. உங்கட சேரே பிடிக்கல்லயே. அனுப்பிப் போட்டு, வேலை உறுதியான பிறகு ஆறுதலாத் திருத்தினா என்ன?"

அந்த யோசனை பஸ்ஸில் வரும்போதே வதனிக்கும் வந்ததுதான். வாடகையும் மருந்தும் அவள் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்துகொண்டு அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தன.

"கோயிலில நிண்டு மாமாட்டச் சண்டை பிடிச்சிட்டு வாறன் றஸீனா" என்றாள். "சத்தமில்லாமத் தாண்டாதீங்க எண்டு. எல்லாரும் பாக்கக் கத்திப்போட்டு வாறன். இப்ப நான் சத்தமில்லாமத் தாண்டுறதா?"

றஸீனா எழுந்து போய்த் தேநீர் வாங்கி வந்தாள். இருவரும் குடிக்கவில்லை. அது ஆறிப்போனது.

பேராசிரியரிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் முதலில் கேட்டது இதைத்தான்.

"தாண்ட அனுமதிச்ச இலக்கணம் எண்டு வரைவிலக்கணத்த மாத்திப் பாத்தீங்களா?"

"மாத்தினா விரைவான வழி என்ன, எந்த வழியுமே நிக்காது சேர். முடிவு சொல்லவே ஏலாது. தாண்டாத இலக்கணத்துக்கும் எண்ட வழி பொருந்தாது. ஒரு சின்ன வகைக்கு மட்டும் பொருந்தும் போல இரிக்கி. அத நிறுவக் காலம் வேணும்."

"காலம்தானே இல்ல."

"ஓம் சேர். அதுதான் இல்ல."

ஆனி முடிந்தது. நான்காவது நீடிப்புக்கு எழுதிப் பார்த்தாள். விதியில் இடமில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. அவள் கதிரையில் வேறொரு பெண் வந்து உட்கார்ந்தாள். நல்ல பெண். வதனியின் பழைய மாணவிதான். அதுவே நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

வதனி ஓட்டமாவடியில் றஸீனா பார்த்துக் கொடுத்த தனியார் வகுப்பு ஒன்றில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தாள். அங்கேயும் ஒரு படியைத் தாண்டி விடை எழுதும் பிள்ளையைக் கண்டால் அவளுக்குச் சன்னதம் வரும். "விடை சரிதானே மிஸ்" என்று கேட்டால் இன்னும் கூடும். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மடியில் தாளை வைத்து அந்தச் சின்ன வகைக்குரிய நிறுவலை எழுதினாள். குண்டும் குழியுமான வீதி கிளைகளைக் கோணலாக்கியது. வெட்டினாள், எரிச்சலில் கிழித்தாள், திரும்பக் கீறினாள். பொருந்தாத விதி வந்த இடத்தில் இப்போது ஒரு சிறு வட்டம் போட்டு, இங்கே நிற்கிறது என்று எழுதிவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

பட்டம் கிடைத்தது, பல வைகாசிகள் கழித்து. பேராசிரியர் பதியுதீன் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் அவர் வைத்த கடைசிக் கையெழுத்துகளில் ஒன்று அது. ஆய்வேட்டின் தலைப்பில் "ஒரு சிறு வகை" என்ற சொற்கள் இருந்தன. அந்தச் சொற்களைப் பார்க்கும் போதெல்லாம் வதனிக்கு இன்றைக்கும் எரிகிறது.

அந்த வருடச் சடங்கிலும் மாமா வேலம்மை குடியை மூன்று தரம் கூப்பிட்டுத் தட்டை வெள்ளையில் வைத்தார். இப்போது ஊரில் அது பழகிவிட்டது. கூப்பிடும்போது ஆண்கள் தலைச்சீலையைக் கழற்றிவிடுகிறார்கள். சடங்கு முடிந்து கடற்கரைப் பாதையால் நடந்தபோது அம்மா கேட்டாள்.

"இப்ப உண்ட கணக்குச் சரிவந்திட்டா புள்ள?"

"வந்திட்டு."

"அப்ப அந்தப் பழைய வேலையத் திருப்பித் தருவாங்களா?"

"அதுக்கு எப்பவோ ஆள் போட்டுட்டாங்க அம்மா."

அம்மா நின்றுவிட்டாள். முகம் சிவந்தது. "அதெப்பிடிப் போடுவாங்க? உன்னக் கூப்பிடாமலா?"

வதனி கடலைப் பார்த்தாள். அது தன்பாட்டில் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. கோபித்துக்கொள்வதற்குக்கூட இனி அதில் ஒன்றும் இல்லை என்பதுதான் அவளுக்குப் பெரிய கோபமாக இருந்தது.

"மூணு தரம் கூப்பிட்டாங்க அம்மா" என்றாள். "நான்தான் பிந்திட்டன்."